ஒரு வசனமும் இரட்டைச் சடையும்

2009 மே மாதம், தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. நாசரேத் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு ட்யூப்லைட் கட்டியிருந்தார்கள். பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் தூத்துக்குடியிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளையில் சின்னக் கரை போட்ட பருத்திச் சேலை கட்டியிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை, துளை மட்டும் தெரிந்தது. அம்மா அவள் கழுத்தைப் பார்த்தார்கள். கையில் இருந்த முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

தாலி இல்லை. அவள் வீட்டுக்காரர் பையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறார், ஆனால் தாலி இல்லை.

நகை போடாத வேறு ஒரு சபையில் சேர்ந்து, முழுக்கு ஞானஸ்நானம், அதாவது வளர்ந்த பிறகு தண்ணீரில் முழுக அமிழ்த்திக் கொடுக்கும் ஞானஸ்நானம், எடுத்ததை போனில் ஏற்கனவே சொல்லியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, தாமிரபரணியில். அதற்கே அம்மா ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "கைக்குழந்தையா இருக்கும்போதே ஐயர் கையால ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்தோமே, அப்ப அது செல்லாதா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கோயில் குருவானவரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். தாலியைக் கழற்றியதை மட்டும் தங்கச்சி சொல்லாமலே வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் புருஷன் இறந்தால்தான் தாலி இறங்கும். அப்பா இறந்து, அம்மா தன்னுடையதைக் கழற்றி அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. தங்கச்சியின் தாலி சிலுவை பொறித்தது. அவள் கல்யாணத்தன்று ஐயர் அதைத் தட்டில் வைத்து ஜெபித்துக் கொடுத்ததை அம்மா முன்வரிசையில் நின்று பார்த்தவர்கள்.

"நீ வாத்தியாரம்மாதானே, அவளுக்கு எடுத்துச் சொல்லு" என்றார்கள் அம்மா. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். சரி என்று அப்பாவின் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆதியாகமம் 24-ஐத் திருப்பினேன். ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொற்காதணியும் இரண்டு கடகமும் கொடுக்கிறான். கர்த்தர் காட்டிய பெண்ணுக்குத்தானே கொடுத்தான் என்றேன். அவள் 35-ஆம் அதிகாரத்தைத் திருப்பினாள். யாக்கோபின் வீட்டார் அந்நிய தெய்வங்களோடு காதணிகளையும் சேர்த்துக் கொடுக்க, அவன் அதையெல்லாம் சீகேமில் கர்வாலி மரத்தடியில் புதைத்துவிடுகிறான். நான் கெட்ட குமாரன் கதையைச் சொன்னேன், திரும்பி வந்த மகனுக்குத் தகப்பன் மோதிரம் போடச் சொல்கிறாரே என்று. அவள் ஓரேப் மலையடியில் இஸ்ரவேலர் ஆபரணங்களைக் கழற்றிப்போட்டதைச் சொன்னாள். வேதாகமத்தில் அவள் இவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்குகிறவள் அவள்.

கடைசியில் அவள் 1 பேதுரு 3-ஐ எடுத்து வாசித்தாள். "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு உங்களுக்கு அலங்காரமாயிராமல்..."

அவள் முடிக்குமுன் நான் நிறுத்தினேன். அவள் மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. லீவுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆச்சி வீட்டுக்கு வந்திருந்தவளுக்கு, அம்மா சாயங்காலம்தான் எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, கனகாம்பரம் வைத்துவிட்டிருந்தார்கள். நான் அந்தச் சடை ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினேன். "பொன்னு ரெண்டாவதுதான் வருது. அதுக்கு முன்னாடி முதல் வார்த்தை என்ன இருக்கு? இதை என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

சுற்றி இருந்த சித்திமார், மதினிமார் எல்லாம் சிரித்துவிட்டார்கள். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கிணற்றடிக்குப் போனபோது, அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மகளை முன்னால் நிறுத்தி வைத்திருந்தாள். சடை இரண்டையும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கனகாம்பரச் சரம் கல்மேல் கிடந்தது. ராத்திரி முழுக்கப் பின்னலில் கிடந்த முடி அலை அலையாக முதுகில் விழுந்தது. அதைச் சீப்பால் நீவி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். என்னைப் பார்த்ததும் கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீ சொன்னது சரிதான்க்கா. எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், அந்த வார்த்தையைக் கவனிக்கலை."

கீழ்ப்படிவதற்காக வாசிக்கிறவள் அவள். நானோ அவளை மடக்குவதற்காக மட்டுமே அந்த வசனத்தைத் தொட்டேன். அந்தக் கிணற்றடியில் நின்றபோது எனக்கு அது பாதிதான் புரிந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளை ஆறாம் வகுப்பு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டித்தான் வர வேண்டும். ஒற்றைக் கட்டுடன் போனவளை அசெம்பிளியில் தனியாக நிறுத்தினார்கள். தங்கச்சி போய்ப் பேசிப் பார்த்தாள், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப முடியை வெட்டிடுங்க, பாப் வெட்டினா ரிப்பன் வேண்டாம்" என்றார்களாம். அதற்கும் வழியில்லை. 1 கொரிந்தியர் 11-இல் பெண்ணுக்கு நீளமான கூந்தல் மகிமை, கத்தரிப்பது வெட்கம் என்று பவுல் எழுதியிருக்கிறார். பின்னவும் கூடாது, வெட்டவும் கூடாது. இரண்டு வாரம் கழித்து, "இப்ப ஒண்ணும் சொல்றதில்லைக்கா, விட்டுட்டாங்க" என்று தங்கச்சி போனில் சொன்னாள். கர்த்தர் வழி திறந்தார் என்று இரண்டு பேரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் விடவில்லை என்பது ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2016-இல் தங்கச்சி மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தாள், சனி ஞாயிறு என் வீட்டில்தான். ஒரு நாள் ராத்திரி பேச்சுவாக்கில் சொன்னாள். ஆறாம் வகுப்பு முழுக்க, தினமும் காலையில் பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போய் ஒரு சிநேகிதியை விட்டுச் சடை பின்னிக்கொள்வாளாம். ரிப்பன் அந்தச் சிநேகிதி கொடுத்தது, ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும். சாயங்காலம் மணி அடித்ததும் மறுபடி போய் அவிழ்த்து, அலை தெரியாமல் இருக்கத் தண்ணீர் தொட்டு நீவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். "அம்மாகிட்ட பொய் சொல்றமேன்னு தினமும் மன்னிப்பு கேட்டு ஜெபம் பண்ணுவேன் பெரியம்மா" என்றாள்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சடையைத் தூக்கிக் காட்டியது என் கை.

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே ஐயரின் கீழ் வரும் சபைகளில், அப்போது இருந்த ஐயரவர்களிடம் போனேன். எனக்கு வேண்டியிருந்தது பிரசங்கம் இல்லை, அந்த வசனத்தில் உண்மையிலேயே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான். அவர்கள் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்து, அந்த வரியில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்கள். முடியைப் பின்னுதல், பொன்னை அணிதல், பிறகு "ஆடைகளை உடுத்துதல்". அவ்வளவுதான். "உயர்ந்த" என்ற சொல் அங்கே இல்லை. ஆங்கிலத்தில் 1611-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பிலும் வெறும் உடை உடுத்துதல் என்றே இருக்கிறது.

தமிழ் வாத்தியாருக்கு இது பெரிய செய்தி. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் பேதுரு பெண்களை உடையே உடுத்தாதே என்று சொல்கிறார் என்றாகிவிடும். அது அவர் நினைத்ததாக இருக்க முடியாது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் புரிந்துகொண்டு "உயர்ந்த" என்று சேர்த்தார்கள். மூன்றாவது சொல்லுக்கு ஒரு விளக்கம் அவர்களே கொடுத்துவிட்டு, முதல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். நாம் வசனம் என்று கையில் வைத்திருப்பதிலேயே ஒருவர் நமக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். "நான் வேதத்தில் இருக்கிறதை அப்படியே செய்கிறேன், நீதான் விளக்கம் சொல்கிறாய்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு இந்த "உயர்ந்த" தான் ஞாபகம் வரும்.

பேதுருவின் காலத்து ரோமப் பணக்காரப் பெண்கள் முடியை அடுக்கடுக்காகப் பின்னி, கொண்டையாக உயர்த்தி, அதற்குள் பொன்னும் முத்தும் கோப்பார்கள். அதற்கென்றே அடிமைப் பெண்கள் இருந்தார்கள். பவுலும் 1 தீமோத்தேயு 2-இல் பின்னல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் என்று ஒரே மூச்சில் சொல்கிறார். சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழை தலை குனியும்படி வந்து உட்காராதே என்பதுதான் எனக்கு அதில் கேட்கிறது. எண்ணெய் தேய்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆச்சி பின்னிவிடும் சடை அதில் எந்த மூலையில் வருகிறது?

இதையெல்லாம் தங்கச்சியிடம் சொல்லும்முன் அவள் மகள் சொன்னதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். தங்கச்சி ரொம்ப நேரம் அழுதாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன செஞ்ச, வசனத்தைத்தானே காட்டின?" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அவள் சொன்னது இது: "சடை அலங்காரம் இல்லைக்கா, அது முடி கலையாம இருக்க. அது எனக்கு இப்ப விளங்குது. ஆனா பொன்னு அப்படி இல்லை." அவள் கல்யாணத்துக்கு அப்பா போட்ட நகை இரண்டே வருஷத்தில் அடகுக்குப் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வட்டி கட்டி, மீட்டு, மறுபடி வைத்து, கடைசியில் ஏலத்தில் போயிற்று. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வரும்போதெல்லாம் கவரிங் போட்டுக்கொண்டு, யாராவது உற்றுப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பாளாம். "முழுக்கு எடுத்த அன்னிக்கு எல்லாத்தையும் கழற்றி வச்சப்ப, பத்து வருஷமா தூக்கிட்டு அலைஞ்ச பாரத்தை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. எங்க சபையில எத்தனை பவுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." நகையில்லாத சபைகளில் ஏழைகளும் கடன்பட்டவர்களும் ஏன் அவ்வளவு நிம்மதியாக உட்காருகிறார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. எங்கள் கோயிலில் பண்டிகை ஆராதனைக்கு நகை இல்லாததாலேயே வராத பெண்களை எனக்குத் தெரியும். பேதுரு சொன்னது யார் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது?

அதற்காக அவள் சபை சொல்வதெல்லாம் எனக்குச் சரி என்று ஆகிவிடவில்லை. ஞானஸ்நானத்தில் இன்றும் நாங்கள் இரண்டு பக்கம்தான். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்று மாற்கு 16-இல் விசுவாசம் முதலில் வருகிறதே, குழந்தைக்கு ஏது விசுவாசம் என்பாள் அவள். பிலிப்பியில் லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் எல்லோரும் பெற்றார்களே, அந்த வீடுகளில் கைக்குழந்தையே இருந்திருக்காதா என்பேன் நான். குழந்தை இருந்தது என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை.

சொல்லாவது தீர்த்து வைக்குமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. கிரேக்கச் சொல் அமிழ்த்துவதைத்தான் முதலில் குறிக்கிறது, அதை நான் தங்கச்சிக்கு ஒத்துக்கொண்டேன். நம் முன்னோர் தமிழில் "ஞானஸ்நானம்" என்று வைத்தார்கள். அந்தச் சொல்லை வைத்து ஆற்றிலும் முழுகலாம், கிண்ணத்திலிருந்தும் தெளிக்கலாம். கத்தோலிக்கர் "திருமுழுக்கு" என்கிறார்கள், ஆனால் அவர்கள் குழந்தையின் தலையில் ஊற்றத்தான் செய்கிறார்கள். வங்காளத்தில் இதே சொல்லுக்காகச் சண்டையே வந்திருக்கிறது. பாப்டிஸ்ட் மிஷனரிகள் வங்காள மொழிபெயர்ப்பில் முழுக்கு என்று பொருள்படும் சொல்லையே போட்டதால் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் பண உதவி செய்ய மறுத்தது. அவர்கள் பிரிந்து 1840-இல் தங்களுக்கென்று தனி மொழிபெயர்ப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு சொல்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வேறு வேறு பழக்கமுள்ளவர்கள் ஒன்றாக வந்தார்கள். குழந்தைக்கும் கொடுக்கலாம், வளர்ந்த பிறகும் கொடுக்கலாம், ஆனால் ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். அந்த மூன்றாவதில்தான் தங்கச்சி வெளியே போனாள். அவளைப் பொறுத்தவரை அவள் எடுத்தது இரண்டாவது இல்லை, முதலாவது.

இந்தச் சண்டை எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பிரகாசபுரம். அங்கே சின்ன வயதில் அப்பா என்னை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறது. சாம்பிராணி வாசனை வந்தது. கோயிலில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. "இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையே" என்றேன். "அவங்களுக்கு ஓய்வுநாள் இன்னிக்குத்தான். வேதத்துல எந்த நாளு போட்டிருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்கள் அப்பா.

அந்தச் சபையை 1857-இல் ஆரம்பித்தவர் அருமைநாயகம், ஊரில் சட்டாம்பிள்ளை என்று பெயர். மிஷனில் வேலை பார்த்தவர், மிஷனரியோடு மோதி வெளியே வந்தவர். மிஷனரி கால்டுவெல் 1849-இல் அவர் சாதியாரான நாடார்களைப் பற்றித் தாழ்வாக எழுதிய புத்தகமும் அந்தக் காயத்தில் உண்டு. ஆனால் சட்டாம்பிள்ளை வெறும் கோபத்தில் போகவில்லை, வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு போனார். ஏழாம் நாள் ஓய்வுநாள் என்று கர்த்தர் சொல்லியிருக்க, ஐரோப்பியர் ஞாயிற்றுக்கிழமையை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். சாம்பிராணி, சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குவது எல்லாம் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது, அது வெள்ளைக்காரர்களைவிட நமக்குத்தான் நெருக்கம் என்றார். நற்கருணைக்குப் புளிக்காத திராட்சரசம். மிஷனரிகள் கையில் கொடுத்த அதே புத்தகத்தை வைத்தே அவர்களை எதிர்த்து நின்ற மனிதர். அவர் முடிவுகள் பலவற்றோடு எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது.

அதற்கும் முன்னால் பாளையங்கோட்டையில் ரேனியஸ். 1820-இல் இங்கே வந்து ஊர் ஊராகச் சபைகளை எழுப்பிய ஜெர்மானியர், தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர். குருப்பட்டம் கொடுப்பதில் ஆங்கிலச் சபையின் முறை வேதத்தில் இல்லை என்று எழுதியதால் 1835-இல் அவரை அனுப்பிய மிஷனரிச் சங்கமே நீக்கிவிட்டது. அவர் பக்கம் சில சபைகள், சங்கத்தின் பக்கம் சில சபைகள் என்று பிரிந்தன. 1838-இல் அவர் இறந்தார். இரண்டு பக்கமும் வேதத்தைத்தான் காட்டின.

யார் எதை எழுத்தின்படி செய்கிறோம், எதை "அது அந்தக் காலத்து வழக்கம்" என்று தள்ளிவிடுகிறோம் என்று நானும் தங்கச்சியும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் எல்லோரும் கூடி, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று சொல்லி எழுதி அனுப்பிய கடிதத்தில் இரத்தத்தை விலக்கச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய சபைத் தீர்மானம் வேறு எது? எங்கள் ஊர் அசன பண்டிகைக்கு, சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் கோயில் விருந்துக்கு, ஆடு அறுத்த அன்று காலையில் ரத்தத்தை வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கி, வேலை செய்கிறவர்களுக்கு இட்லியோடு வைப்பார்கள். நான் நாற்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், ஒருவரும் வசனம் காட்டியதில்லை. தங்கச்சி வீட்டில் தொட மாட்டார்கள்.

ஆனால் பரிசுத்த முத்தத்தினால் ஒருவரையொருவர் வாழ்த்துங்கள் என்று பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் திரும்பத் திரும்ப எழுதியதை அவள் சபையில் யாரும் செய்வதில்லை. நாங்களும் முத்தம் கொடுப்பதில்லை. எங்கள் திருவிருந்து ஆராதனையில் குருவானவர் தன் இரண்டு உள்ளங்கைக்குள் முதல் ஆளின் கையை வைத்துச் சமாதானம் சொல்ல, அது வரிசை வரிசையாகக் கைமாறிக் கடைசிப் பாய் வரைக்கும் போகும். சின்ன வயதில் அம்மா கை எனக்கு, என் கை தங்கச்சிக்கு. அவள் கை எப்போதும் வியர்த்திருக்கும். "அதை மட்டும் எனக்கு இப்பவும் தேடும்க்கா" என்றாள்.

2022-இல் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், தங்கச்சியின் சபையில். தாலி இல்லை, மோதிரம் இல்லை. பெண்ணுக்கு என்ன போடுகிறீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னால் நான் என் மகளுக்குக் கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கி நகை போட்டேன். இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்தன்று காலையில் தங்கச்சி மகள் என் அம்மாவிடம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "ஆச்சி, பின்னி விடுங்க." அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, விரல் நடுங்கும். ஒற்றைச் சடைதான், கொஞ்சம் கோணலாக வந்தது. தங்கச்சி கதவருகே நின்று பார்த்தாள். பூ வேண்டாம் என்று மட்டும் சொன்னாள், அம்மாவும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், "கழுத்துல ஒண்ணுமே இல்லாம எப்படிட்டீ அனுப்புறது" என்று அம்மா அழத்தான் செய்தார்கள். அந்த அழுகைக்கு என்னிடம் எந்த வசனமும் இல்லை. நான் எடுக்கவும் இல்லை.

இப்போது சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு நானும் தங்கச்சியும் போனில் ஒரு அதிகாரம் வாசிக்கிறோம். ஒரு வசனத்தை எடுத்தால் அதன்படி நீ எதைச் செய்கிறாய், அதற்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறோம். யாருக்குச் சரி, யாருக்குத் தப்பு என்பது அதற்குப் பிறகு. சில வாரம் அந்த இரண்டாவதுக்கு வந்து சேர்வதே இல்லை. கொரிந்தியர் முதலாம் நிருபத்தில் இருக்கிறோம். 11-ஆம் அதிகாரத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஜெபிக்கும்போது நாங்கள் இரண்டு பேருமே முந்தானையைத் தலையில் போடுகிறவர்கள், அதில் மட்டும் இரண்டு சபையும் ஒன்று. அப்படியிருந்தும் மூன்று வாரம்.

வருகிற சனிக்கிழமை 14. சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று வருகிற அதிகாரம். தென்னிந்தியத் திருச்சபையில் 1976-இலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு, 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே ஆனார்கள். அது வேதத்துக்கு விரோதம் என்பது தங்கச்சி சபையின் போதனை. ஆனால் அங்கே அவள் எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள், சத்தமாக ஜெபிக்கிறாள், சில நாள் தீர்க்கதரிசனமும் சொல்கிறாள். எங்கள் கோயிலிலோ என் அம்மா எண்பது வருஷமாகப் பாட்டுக்கும் பதில் ஜெபத்துக்கும் தவிர வாய் திறந்ததில்லை. இதை நான் கேட்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "கேளு, ஆனா 11:5-ஐயும் சேர்த்து வாசிச்சிட்டு வா. அங்க பெண்கள் ஜெபம் பண்றதையும் தீர்க்கதரிசனம் சொல்றதையும் பவுல் தடுக்கவே இல்லை" என்றாள். வாசித்துக்கொண்டிருக்கிறேன்.